பத்து நிமிஷ மனோன்மணீயம்

வடுகபட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்குச் சொல்லிவிடும். பெரியகுளத்தை அடுத்த அந்த ஊரின் பூண்டுச் சந்தை அவ்வளவு பேர் போனது. அங்கிருந்து கல்லூரிக்குப் போய் வரும் ஒரு பெண், நாளைக் காலையில் தமிழ்ப் பரீட்சை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாடம் மனோன்மணீயம். ஐந்து அங்கங்கள், இருபது களங்கள், அத்தனையும் செய்யுள். மணியோ இரவு ஒன்பது. அவள் என்ன செய்வாள்? செல்போனை எடுத்து யூடியூபில் கதைச் சுருக்கம் தேடுவாள். பத்து நிமிஷ வீடியோ ஒன்று கிடைக்கும். சீவகன் யார், குடிலன் யார், சுரங்கம் எதற்கு என்பதெல்லாம் தெரிந்துவிடும். பரீட்சையிலும் தேறிவிடுவாள்.

இதைக் கேட்டால் பண்டிதர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். காலம் கெட்டுவிட்டது என்பார்கள். காலம் அப்படி ஒன்றும் நேற்று முந்தாநாள் கெட்டுவிடவில்லை. நாடகத்தைச் சுருக்கிக் கொடுப்பது பழைய தொழில். அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் அந்தப் பெண்ணின் மேல் நமக்குக் கோபம் வராது. வேறொரு விஷயத்தில் வருத்தம் வரும்.

லண்டனில் 1807ஆம் ஆண்டு ஒரு புத்தகம் வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் 20 நாடகங்களை வசனக் கதைகளாகச் சொல்லும் புத்தகம். சார்லஸ் லாம் என்ற பெயர் அதன் முகப்பில் இருந்தது. ஆனால் அவர் எழுதியவை சோக நாடகங்கள் ஆறு மட்டுமே. மற்றப் பதினான்கையும் எழுதியவள் அவருடைய தமக்கை மேரி. சித்தப்பிரமையின் வேகத்தில் பெற்ற தாயையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு, அதன் பிறகு தம்பி இறக்கும் வரையில் அவருடைய பாதுகாப்பில் வாழ்ந்தவள் அவள். முதல் பதிப்பில் அவள் பெயரே கிடையாது. ஜூலியட்டின் கதையைத் தம்பியும், போர்ஷியாவின் கதையைத் தமக்கையும் ஒரே மேஜையின் முன் உட்கார்ந்து எழுதினார்கள். நம் தாத்தாக்களில் பலர் ஷேக்ஸ்பியரைத் தெரிந்துகொண்டதும் இந்த லாம் வழியாகத்தான்.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் மனத்தைத் தொடும் ஒரு செய்தி உண்டு. ஆண்பிள்ளைகள் இளம் வயதிலேயே தகப்பனாரின் புத்தக அலமாரியைத் திறந்துவிடுகிறார்கள். பெண்குழந்தைகளுக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே முக்கியமாக அவர்களுக்காகவே இதை எழுதினோம் என்கிறார்கள். அண்ணன் தம்பிமார்கள் மூல நாடகத்திலிருந்து நல்ல பகுதிகளைத் தேர்ந்தெடுத்துச் சகோதரிகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். பூட்டிய அலமாரிக்கு வெளியே நின்றவர்களுக்காகப் பிறந்தது சுருக்கம். சோம்பேறிகள் அதைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தார்கள்!

நம் பக்கத்தில் இந்தக் கைங்கரியத்தைச் செய்தவை பரீட்சை உரைகள். திருச்சியில் ஐயம்பெருமாள் கோனார் எழுதிப் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட தமிழ் உரையைத் தொடாமல் பள்ளிக்கூடம் தாண்டியவர்கள் குறைவு. அமெரிக்காவிலும் 1958இல் கிளிஃப்ஸ் நோட்ஸ் என்று ஒன்று புறப்பட்டது. முதலில் வந்த 16 புத்தகங்களும் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கே. 2018இல் தமிழ்நாட்டு அரசு புதிய பாடப் புத்தகங்களை அச்சிட்டபோது, செல்போனைக் காட்டினால் வீடியோ ஓடும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்தே அச்சிட்டது. ஆக, வடுகபட்டிப் பெண்ணுக்கு வழி காட்டியவர்கள் பெரியவர்கள்தான்.

இவையெல்லாம் படிப்பு சம்பந்தப்பட்டவை. பாமர ரஸிகனுக்கு வேறொரு சுருக்கம் இருந்தது. சினிமாக் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தைச் சொல்கிறேன். பாட்டுகளோடு கதைச் சுருக்கமும் அதில் இருக்கும். கதாநாயகி காட்டில் தனியே விடப்பட்டிருப்பாள். வில்லன் கத்தியோடு நெருங்கிக்கொண்டிருப்பான். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, ‘மீதியை வெள்ளித் திரையில் காண்க’ என்று போட்டுவிடுவார்கள். எத்தனை கெட்டிக்காரத்தனம்! டிக்கெட் வாங்க வைக்கும் தந்திரம்தான். இருந்தாலும் மரியாதையான தந்திரம். என்னோடு முடிந்துவிடாது, உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுக்கிற சுருக்கம் அது. இன்றைய வீடியோவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. முடிவைச் சொல்லி, பாத்திரங்களின் குணங்களைச் சொல்லி, எதிர்பார்க்கக்கூடிய வினாக்களையும் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு அது போய்விடுகிறது.

ஆனால் கதை முழுவதும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நாடகத்தின் சுவை போய்விடுமா? இதற்குப் பதில் மதுரை, தேனிச் சீமைகளின் திருவிழா மேடையிலேயே இருக்கிறது. அங்கே ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று ஒன்று நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். அன்று சாயங்காலம்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குமேல் பபூன் வந்து சிரிக்க வைத்துத் தொடங்கினால் விடிகிற வரையில் நாடகம். அநேகமாக அது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணமாகவோ பவளக்கொடியாகவோ இருக்கும். சுவாமிகள் மறைந்தது 1922இல். அவர் அமைத்துக் கொடுத்த பாட்டை அதற்குப் பின்னும் எத்தனையோ தலைமுறைகள் பாடிவிட்டன. ஒத்திகை இல்லாமல் நாடகம் நடப்பது எப்படி? எல்லாருக்கும் கதை தெரியும், அதனால்தான். நடிகர்களுக்குத் தெரியும், கீழே பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும், பாட்டியின் மடியில் தூங்கும் பேரனுக்குக்கூடத் தெரியும். முருகன் கடைசியில் வள்ளியைக் கல்யாணம் செய்துகொள்வான் என்பது ஊரில் யாருக்குத் தெரியாது?

பின்னே எதற்காக விடிய விடிய விழித்திருக்கிறார்கள்? தினைப்புனத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக. அந்தத் தர்க்கம் இல்லாவிட்டாலும் கல்யாணம் நடக்கும். கதைக்கு அது வேண்டியதே இல்லை. ஆனாலும் ஸ்திரீபார்ட் இன்றைக்கு என்ன பதில் சொல்லப் போகிறாள், நாரதர் எந்தப் பாட்டை எடுத்து மடக்கப் போகிறார் என்று சனங்கள் காத்திருப்பார்கள். கதையைத் தெரிந்துகொண்டு வந்ததால் அவர்கள் கவனமெல்லாம் கதைக்கு வெளியே இருந்தது. நாடகக்காரர்களிடம் இந்தப் பக்கத்து மக்களுக்கு அப்படி ஓர் ஈடுபாடு. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எஸ். எஸ். ராஜேந்திரனை 1962இல் சட்டசபைக்கே அனுப்பி வைத்தது தேனித் தொகுதி.

இனி மனோன்மணீயத்துக்கு வருவோம். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகம் அது. அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யனாக்கி மேடையில் ஏற்றினார். பிள்ளையவர்களின் நாடகமோ மேடைக்காக எழுதியதல்ல. உட்கார்ந்து படிப்பதற்காக எழுதியது.

கதையை நானும் சுருக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாண்டியன் சீவகன், மந்திரி குடிலனின் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக்கொள்கிறான். குலகுருவான சுந்தர முனிவர் ஆபத்துக் காலத்துக்கென்று கோட்டைக்குள்ளிருந்து ஒரு சுரங்க வழி அமைக்கிறார். இளவரசி மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் நேரில் பார்க்காமலே ஒருவரையொருவர் கனவில் கண்டு காதலிக்கிறார்கள். அரசைத் தன் கைக்குள் கொண்டுவர நினைக்கும் குடிலன் தன் மகன் பலதேவனைத் தூது அனுப்பிச் சேரனோடு சண்டையை மூட்டுகிறான். பாண்டியன் தோற்கிறான். பலதேவனுக்கே மகளைக் கொடுத்துவிடுவதென்று அவசரமாக நள்ளிரவில் மணம் ஏற்பாடாகிறது. காட்டிக் கொடுக்கப் போன குடிலனைக் கட்டி இழுத்துக்கொண்டு சேரன் சுரங்க வழியாகவே மணப்பந்தலுக்கு வந்து சேர்கிறான். கனவில் கண்ட முகத்தைக் கண்டதும் மனோன்மணி மாலையிடுகிறாள்.

நல்ல கதைதான். ஆனால் அது சுந்தரம் பிள்ளையின் கதை அல்ல. ஆங்கில நாவலாசிரியர் லிட்டன் பிரபு 1866இல் வெளியிட்ட ஒரு கவிதைத் தொகுதியில், இரகசிய வழி என்று பொருள்படும் தலைப்பில் இருந்த கதை. லிட்டனுக்கும் சொந்தமல்ல. கனவில் கண்டு காதலித்த இளவரசனும் இளவரசியும் மிகப் பழையவர்கள். அலெக்ஸாண்டரோடு இருந்த காரெஸ் என்ற கிரேக்கர் சொன்னதாக ஆதினேயஸ் அதை எழுதி வைத்திருக்கிறார். பாரசீக தேசத்தார் அந்தக் காதல் கதையைக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் வீடுகளிலும் சுவர்ச் சித்திரமாகத் தீட்டி வைத்திருந்தார்களாம். படம் பார்த்துக் கதை தெரிந்துகொள்ளும் வழக்கம் இந்தக் கதைக்கு 2,300 வருஷங்களாக உண்டு! நம் ஊரிலும் 1942இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் பி. யு. சின்னப்பாவையும் டி. ஆர். ராஜகுமாரியையும் வைத்து மனோன்மணி என்று படம் எடுத்தார்கள்.

கைமாறிக் கைமாறி வந்த கதையைப் பத்து நிமிஷத்தில் சொன்னாலென்ன, ஐந்து நிமிஷத்தில் சொன்னாலென்ன? பிள்ளையவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவருடைய சொத்து வேறு இடத்தில் இருக்கிறது.

மூன்றாம் அங்கத்தில் ஓர் இடம். நடராசன் என்ற வாலிபன் காலை நேரத்தில் ஊருக்கு வெளியே தனியாக நிற்கிறான். சுரங்க வேலை அவன் பொறுப்பில் இருக்கிறது. எதிரே வயல். நடராசன் முதலில் ஒரு புல்லைப் பார்க்கிறான். அந்த அற்பப் புல், தன் சின்னஞ்சிறு பூவைத் தூக்கிப் பிடித்துத் தேன் காட்டி வண்டை அழைப்பதையும், தன் விதைகள் பிழைத்துப் பரவ அது செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டையும் எண்ணி வியக்கிறான். அப்புறம் வாய்க்கால். மண்ணைச் சுமந்து கடலுக்குக் கொண்டுபோய், மழையாகத் திரும்பி வந்து மறுபடியும் அதே வேலையைத் தொடங்கும் நீரோடு பேசுகிறான். அதன் பிறகு அவன் கண்ணில் படுவது நாங்கூழ்ப் புழு. நாம் மண்புழு என்கிறோமே, அது.

அந்தப் புழுவிடம் அவன் பேசுவதைப் படித்துத்தான் பார்க்க வேண்டும். ஓயாமல் உழைக்கிறாய், மண்ணைத் தின்று தின்று மெழுகைவிட மென்மையாக்கித் தருகிறாய், உழவன் பயிர் செய்வது உன்னால்தான், இதையெல்லாம் சொன்னால் புகழ் கேட்க வெட்கப்பட்டாற்போல மண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறாயே என்கிறான். டார்வின் தம் கடைசிப் புத்தகத்தை மண்புழுக்களைப் பற்றி எழுதியது 1881இல். அதற்குப் பத்து வருஷத்துக்குள் ஒரு தமிழ் நாடகத்தில் மண்புழு கதாபாத்திரத்துக்குச் சமமாக மரியாதை பெற்றுவிட்டது. அரசரும் மந்திரியும் முனிவரும் நடமாடும் நாடகத்தில், மண்ணைத் தோண்டும் வேலையை ஏற்ற ஒருவன், மண்ணைத் தோண்டியே வாழும் இன்னொரு ஜீவனுக்கு முன்னால் நின்று கைகூப்பாத குறையாகப் பேசுகிறான். தமிழில் இதற்கு ஈடாகச் சில இடங்களே உண்டு என்பது என் அபிப்பிராயம்.

கதைச் சுருக்கத்தில் இந்தப் புழுவுக்கு இடமில்லை. இருக்கவும் முடியாது. புழுவை எடுத்துவிட்டாலும் போர் நடக்கும், சேரன் வருவான், மாலை விழும். வள்ளி நாரதர் தர்க்கத்தைப்போல இதுவும் கதைக்கு வேண்டாத சரக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் சேற்றில் கால் வைத்து நடந்த பெண்ணுக்கு, நாற்றங்காலில் மண்புழுவைப் பார்த்துப் பழகிய பெண்ணுக்கு, அந்த நாடகம் முழுவதிலும் சொந்தமென்று சொல்லக்கூடிய பாத்திரம் ஒன்று உண்டென்றால் அதுதான். அதை மட்டும் விட்டுவிட்டு, அவள் கண்ணால் காணாத கோட்டையையும் சுரங்கத்தையும் அவளிடம் கொடுக்கிறோம். எனக்கு வருத்தம் இந்த இடத்தில்தான்.

லாம் காலத்துப் பெண்ணுக்கு அலமாரி பூட்டியிருந்தது. இவளுக்கு அப்படி இல்லை. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வலர் முயற்சியால் பழைய தமிழ் நூல்கள் பல காசில்லாமல் கிடைக்கின்றன. மனோன்மணீயமும் அவற்றில் உண்டு. வீடியோ ஓடிய அதே செல்போனில் நாடகம் முழுவதும் வந்து விழும். அந்த நீண்ட செய்யுட்களை இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருத்தி முழுதும் படித்துவிட முடியாது. அப்படிப் படிக்கச் சொல்வதும் நியாயமில்லை. நடராசனின் தனிமொழியை மட்டும் படிக்கலாம். வீடியோவுக்கு ஆன நேரம்தான் ஆகும். கடினமான சொல் வந்தால் வீட்டுக்குள் ஒருவரைக் கேட்கலாம். புழுவைப் பற்றி அவளுடைய அப்பாவுக்கும் இரண்டு வார்த்தை சொல்லத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. அந்தப் புத்தகத்தின் முதல் பக்கங்கள் அவளுக்கு ஏற்கெனவே பாடம். நாடகத்தின் தொடக்கத்தில் உள்ள வணக்கப் பாட்டிலிருந்து சில அடிகளை எடுத்துத்தான் 1970இல் அரசாங்கம் தமிழ்த்தாய் வாழ்த்தாக்கியது. எம். எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில் இசை அமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும் என்று கணக்கும் உண்டு. மூலத்தில் உள்ள அடிகள் எல்லாம் அதில் இல்லை. அதுவும் ஒரு சுருக்கம்தான். பள்ளிக்கூட மைதானத்தில் எழுந்து நின்று வருஷக்கணக்காக அவள் பாடியிருக்கிறாள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். நாடகம் அதற்கு அடுத்த பக்கங்களில் தொடங்குகிறது.