திறந்த நிரலும் மூடிய மடலும்

1983ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள், திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பை வெளியிட்டார். அதன் 220ஆம் சட்டம், எவருடைய நற்பெயருக்கும் முறைகேடாக ஊறு விளைவிக்கலாகாது என்றும், தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒருவருக்குள்ள உரிமையை மீறலாகாது என்றும் பணிக்கிறது. அதே ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் நிரலாளர், எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய கணினி இயக்க அமைப்பு ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தார். ஒன்றையொன்று அறிந்திராத இவ்விரு நிகழ்ச்சிகளும் இன்று நம் கைப்பேசிக்குள் வந்து சந்திக்கின்றன.

நம் பங்குகளில் அன்பியக் கூட்ட அறிவிப்பும், திருமண ஓலையும், நோயுற்றோருக்கான மன்றாட்டும் கைப்பேசி வழியாகவே செல்கின்றன. அவற்றைச் சுமந்து செல்லும் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை யார் அறிவார்? அதன்மேல் யாருக்கு அதிகாரம்? இவ்வினாக்களை நமக்கு முன்பே எழுப்பியவர்களின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

அச்சுப்பொறியில் தொடங்கிய வழக்கு

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். மனிதர் படித்தறியக்கூடிய வடிவில் அது எழுதப்பட்டிருப்பதை மூல நிரல் என்கிறோம். முற்காலத்தில் ஆய்வுக்கூடத்தார், அண்டை வீட்டாரோடு விதைநெல்லைப் பகிர்ந்துகொள்ளும் உழவரைப் போல, மூல நிரலைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். 1980ஆம் ஆண்டையொட்டி, ஸ்டால்மன் பணியாற்றிய கூடத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றை வழங்கியது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குத் தெரிவிக்கும் வசதியை ஸ்டால்மன் நிரலில் சேர்த்திருந்தார். புதிய பொறிக்கோ மூல நிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் சென்று கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என்று ஒப்பமிட்டிருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

நிகழ்ச்சி சிறிதுதான். ஆயினும், அயலாருக்கு உதவமாட்டேன் என முன்கூட்டியே வாக்களிக்கச் செய்யும் ஒரு முறை தலையெடுத்துவிட்டதை ஸ்டால்மன் அதில் கண்டார். 1984 சனவரியில் வேலையைத் துறந்து, தாம் அறிவித்த பணியில் இறங்கினார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொது உரிமம் ஒன்றை வெளியிட்டார். நிரலை இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் வழங்குபவர், தாம் பெற்ற இவ்வுரிமைகளையெல்லாம் பெறுபவருக்கும் தந்தாகவேண்டும் என்பதே அதன் சாரம். தடுப்பதற்கென்று பயன்பட்டுவந்த பதிப்புரிமைச் சட்டமே இங்குப் பகிர்வதற்குக் காவலாயிற்று. ‘கொடையாகப் பெற்றீர்கள், கொடையாகவே வழங்குங்கள்’ என்னும் ஆண்டவரின் கட்டளை நம் நினைவுக்கு வருவது இயல்பே.

1991இல் பின்லாந்தின் எல்சிங்கி நகரில் பயின்றுவந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் உட்கருவை எழுதத் தொடங்கி, மறு ஆண்டு அதனை இப்பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். 2017 நவம்பர் முதல் உலகின் மிகுவிரைவான 500 கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்சினாலேயே இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் அதுவே. நம் சென்னையிலும் சி-டாக் நிறுவனம் லினக்சை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. மூல நிரல் திறந்திருந்தமையால், எந்த வணிகரும் இலாபக் கணக்குப் பார்த்து இசைவு தரட்டும் எனக் காத்திராமல், தன்னார்வலர்கள் பயர்பாக்ஸ் உலாவியையும் லிப்ரே ஆபிஸ் தொகுப்பையும் தமிழில் தந்துள்ளனர்.

விலை கேட்காத வலை

இதே உள்ளம் வேறோரிடத்திலும் வெளிப்பட்டது. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்சு-லீ 1989இல் வைய விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அக்காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய கோபர் என்னும் முறையும் பரவலாகப் பயன்பட்டது. 1993இன் தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகம் தன் கோபர் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன், வலை மென்பொருளின்மேல் தனக்கிருந்த உரிமைகளைத் துறந்து, அதனைப் பொதுவுடைமையாக்கியது. கோபர் தேய்ந்தது, வலை உலகெங்கும் விரிந்தது. விட்டுக்கொடுத்தது நிலைத்தது எனலாம்.

நூலாக அச்சேறிய நிரல்

நிரல் திறந்திருக்கவேண்டும், ஆனால் மடல் மூடியிருக்கவேண்டும். உறையில்லாத மின்னஞ்சல், அஞ்சல் அட்டையைப் போன்றது. இடைநிற்போர் எவரும் படிக்கலாம். 1991இல் பில் சிம்மர்மன் என்னும் அமெரிக்கர், அஞ்சலைப் பெறுபவர் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யும் பி.ஜி.பி. என்னும் மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். வலிய மறையாக்கத்தை அன்றைய அமெரிக்க ஏற்றுமதி விதிகள் போர்த்தளவாடங்களோடு சேர்த்து வைத்திருந்தன. மென்பொருள் நாட்டு எல்லையைக் கடந்துவிட்டமையால், 1993இல் அவர்மீது குற்றப் புலனாய்வு தொடங்கியது. 1995இல் அந்நிரல் முழுவதையும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பதிப்பகம் ஒரு நூலாகவே அச்சிட்டது. கணினியில் இருந்தால் படைக்கலம். தாளில் அச்சேறினால் அறிவுநூல்! இம்முரண்பாடு எல்லார்க்கும் வெளிப்படையாயிற்று. 1996 சனவரியில் வழக்கெதுவும் தொடராமலே புலனாய்வு கைவிடப்பட்டது.

மறையாக்க முறை வெளிப்படையாக இருந்தால் இரகசியம் எவ்வாறு காக்கப்படும் என நாம் ஐயுறலாம். பூட்டின் அமைப்பை எல்லாரும் அறிந்திருந்தாலும் சாவி உரியவர் கையில் மட்டுமே இருக்கிறது. அமைப்பைப் பலர் சோதித்துப் பார்த்த பூட்டே நம்பத்தக்கது. 2013இல் எட்வர்டு சுனோடன் வெளியிட்ட ஆவணங்கள், அரசுகள் மக்களின் செய்திப் போக்குவரத்தை எவ்வளவு விரிவாகத் திரட்டின என்பதைக் காட்டியபின், இதன் தேவையை உலகம் உணர்ந்தது. மறு ஆண்டு அறிமுகமான சிக்னல் செயலி தன் நிரலை வெளிப்படையாக வைத்துள்ளது. இலாப நோக்கமற்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இயங்குகிறது. அதன் மறையாக்க முறையையே 2016இல் வாட்ஸ்அப்பும் முழுமையாக ஏற்றது. ஆயினும், செய்தி மறைந்திருந்தாலும், யார் யாரோடு எப்பொழுது தொடர்புகொண்டார் என்னும் விவரம் அதனை நடத்தும் நிறுவனத்திற்குத் தெரியக்கூடும்.

நம் நாட்டில் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஒரே மாளிகையா, பல வீடுகளா?

மின்னஞ்சலில் ஒரு சிறப்பு உண்டு. ஒரு நிறுவனத்தில் முகவரி வைத்திருப்பவர், வேறொரு நிறுவனத்தில் முகவரி உள்ளவருக்கு எழுதலாம். அதற்கான பொதுநெறி 1982இலேயே வகுக்கப்பட்டது. பின்வந்த சமூக ஊடகங்களோ பெரும்பாலும் ஒரே உரிமையாளரின் மாளிகைகளாயின. அவர் கதவை அடைத்தால் நம் உறவுகளும் நினைவுகளும் உள்ளேயே அடைபட்டுவிடும். இதற்கு மாற்றாக 2016இல் செருமனியில் மாஸ்டடான் தோன்றியது. எவரும் தம் வழங்கியை நடத்தலாம். ஒரு வழங்கியில் உள்ளவர் மற்றொன்றில் உள்ளவரோடு உரையாடலாம்.

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடல், சிறிய அமைப்புகள் தாமே செய்யக்கூடியவற்றைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்கிறது. அரசையும் சமுதாயத்தையும் கருதிக் கூறப்பட்ட அந்நெறி, கணினி உலகிற்கும் பொருந்துவதைக் காண்கிறோம்.

நம் கடமை

திறந்த நிரல் என்பதனாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. இணையத்தளங்களில் மறையாக்கத்திற்கெனப் பரவலாகப் பயன்பட்ட ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் திறந்த மென்பொருளில் பெரும் ஓட்டை ஒன்று இருந்தது. ஈராண்டுகளாக எவர் கண்ணிலும் படாதிருந்து, 2014 ஏப்ரலில்தான் அது வெளிவந்தது. உலகமே சாய்ந்திருந்த அத்தூணை மிகச் சிலரே குறைந்த பொருளுதவியோடு தாங்கி நின்றனர். பொதுக் கிணற்றில் நீர் மொண்டால் மட்டும் போதாது; தூர்வாரவும் ஆள் வேண்டும்.

எல்லாரும் கூடியிருக்கும் செயலியை விட்டு ஒருவர் மட்டும் வெளியேறுவதும் எளிதன்று. எனினும் சிறு தொடக்கங்கள் இயலும். பங்கின் ஆண்டு மலரையும் கணக்கையும் லிப்ரே ஆபிசில் உருவாக்கலாம். பெயர்ப்பட்டியலும் நன்கொடை விவரமும் யாருடைய கணினியில் தங்குகின்றன எனப் பங்குப்பேரவையில் வினவலாம். மறைக்கல்வி மாணவரின் நிழற்படங்களைப் பரப்புமுன் பெற்றோரின் இசைவைப் பெறலாம்.

‘மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை’ என நம்மில் பலர் கூறுவதுண்டு. நம்மிடம் இல்லாதிருக்கலாம், நம் கைப்பேசியிலோ பிறருடைய எண்களும், ஒரு விதவைத் தாயின் கடன் சுமையும், ஓர் இளைஞனின் நோயும் அடைக்கலமாக உள்ளன. அவற்றை வெளியிட நமக்கு உரிமையில்லை. 1215இல் நான்காம் இலாத்தரான் பொதுச்சங்கம், ஒப்புரவுக்கு வருபவரின் இரகசியத்தைச் சொல்லாலோ சாடையாலோ வெளிப்படுத்தலாகாது என்று குருக்களுக்கு ஆணையிட்டது. அக்கடமை குருக்களுக்கு உரியது. ஆயினும் நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் பண்பு பொதுநிலையினர் அனைவருக்கும் உரியதே. மன்றாட்டு வேண்டி ஒருவர் தம் நோயை நம்மிடம் கூறினால், அதை இறைவனிடம் எடுத்துச் செல்வோம். குழுவில் இடுவதற்கு முன் அவருடைய இசைவைக் கேட்போம்.