முதல் மண்டலின்: குறைந்த காசில் எதைப் பார்த்து வாங்குவது?

"மகளுக்கு மண்டலின் வாங்க வேணும், விலை குறைஞ்சது எது?" என்று கிளிநொச்சியில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். இடப்பெயர்வில் தகப்பனின் வயலினை இழந்த வீடு. சீட்டுக் காசில் வாங்குகிறார். அது மூலையில் கிடக்கக்கூடாது.

முதலில், பழக்கப்போகும் ஆசிரியரைக் கேளுங்கள். சாதாரண மண்டலினில் எட்டுத் தந்திகள், நான்கு சோடிகளாக. கர்நாடக இசையில் உ. ஸ்ரீநிவாஸ் வாசித்துப் புகழாக்கியதோ ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மண்டலின். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைப் பழக முடியாது.

உடலில் சுருள் செதுக்கிய 'எஃப்' வடிவம் கண்ணைப் பறிக்கும். கூடுதல் விலை பெரும்பாலும் அந்தச் செதுக்கலுக்குத்தான். துளி வடிவ 'ஏ' வகை தாராளமாகப் போதும்.

நான் முதலில் பார்ப்பது தந்தியின் உயரத்தை. மலிவானவற்றில் தந்தி மெட்டுகளுக்கு மேலே எழும்பி நிற்கும். சோடித் தந்தியை அழுத்திப் பிஞ்சு விரல் நொந்தால் பிள்ளை ஒரு மாதத்தில் விட்டுவிடும். 12ஆவது மெட்டில் இடைவெளி ஏறக்குறைய 2 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். குதிரையை உயர்த்தித் தாழ்த்தச் சிறு சக்கரங்கள் இருந்தால் நல்லது. வெறுந்தந்தியையும் 12ஆவது மெட்டில் அழுத்தியும் மீட்டுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். பிசகினால் பயப்படவேண்டாம், குதிரை பொதுவாக ஒட்டப்படுவதில்லை, நகர்த்திச் சரிசெய்யலாம். கழுத்து முறுகியிருந்தால் மட்டும் பாதி விலைக்கும் வேண்டாம்.

பழையது என்றாலும் இதே சோதனைதான். சுருதி சேர்க்கக் கைபேசிச் செயலி போதும். மிச்சக் காசில் ஒரு தந்தித் தொகுதி வாங்கி வையுங்கள். மெல்லிய தந்திதான் அடிக்கடி அறும்.