கார்டிகன், குப்பாயம், துண்டு – ஒரு மேலாடைப் புராணம்

சேலத்துல கார்டிகனான்னு சிரிக்காதீங்க மக்களே. ஏப்ரல் மாசம் 40 டிகிரியத் தொட்டுப் பாத்துட்டு வர்ற ஊருதான், ஒத்துக்கறேன். ஆனா சேலம், நாமக்கல் பக்கத்துலேர்ந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பொண்ணுங்களோட பையைத் திறந்து பாருங்க. லேப்டாப் பக்கத்துல கண்டிப்பா ஒண்ணு மடிச்சு வச்சிருக்கும். சுடிதாருக்கு மேல, ஜீன்ஸ் டீ-ஷர்ட்டுக்கு மேல, ஏன், பொங்கலுக்கு ஆபீஸ்ல கட்டுற சேலைக்கு மேலயும் அதேதான். என்னோடது கரும்பச்சை. (யார் கேட்டாங்கறீங்களா? சரி சரி, விஷயத்துக்கு வர்றேன்.)

முன்பக்கம் திறந்து, பட்டன் வச்சிருக்கற பின்னலாடைதான் கார்டிகன். தலை வழியா மாட்டுறது புல்லோவர். நம்மூர்ல ரெண்டுக்குமே ஒரே பேரு, ஸ்வெட்டர். இதுல பட்டன் வச்சதுக்கு மட்டும் ஒரு ஆளோட பேரு எப்படி வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அது எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயிடுச்சு.

அந்த ஆளு ஜேம்ஸ் புருடனெல், ஏழாவது கார்டிகன் பிரபு (1797-1868). பிரிட்டிஷ் ராணுவத்துல அப்போ பதவிய காசு குடுத்து வாங்கலாம். 1871ல தான் அந்த வழக்கத்த ஒழிச்சாங்க. நம்ம பிரபுவும் அப்படி வாங்கி மேல வந்தவர்தான். தன்னோட குதிரைப்படை பளபளன்னு இருக்கணும்னு சொந்தக் காசுல சீருடை தைச்சுப் போட்டார். 1854 அக்டோபர் 25 அன்னிக்கு கிரிமியாவுல, பாலக்லாவாவுல, சுமார் 670 குதிரை வீரர்கள ரஷ்ய பீரங்கிக்கு நேரா கூட்டிட்டுப் போனவரும் இவர்தான். 110 பேர் வரைக்கும் செத்துப் போனாங்க. தப்பான உத்தரவு, அதுல இவர் பங்கு எவ்வளவுன்னு இன்னமும் சண்டை போடறாங்க. வீரர்கள் எல்லாம் கூடாரத்துல கிடந்தப்போ, இவர் துறைமுகத்துல நின்ன தன்னோட சொந்தப் படகுல போய்ப் படுத்துக்கிட்டார்ங்கறதுல மட்டும் சண்டை இல்ல. அந்தப் போர்க்காலத்துல போட்ட கம்பளி அங்கிக்கு இவர் பேரு ஒட்டிக்கிச்சு. அப்புறம் 1920கள்ல பாரீஸ்ல கோகோ ஷனேல் அதைப் பொண்ணுங்க பக்கம் திருப்பி விட்டாங்க. தலை வழியா மாட்டினா முடி கலையுதுங்கறதுதான் காரணம்னு ஒரு கதை இருக்கு. எனக்கு இந்தக் காரணம் ரொம்பப் பிடிச்சிருக்கு :-)

ஆக, கார்டிகன் பொறக்கும்போதே குளிரோட சேர்த்து அந்தஸ்தும் ஒட்டிக்கிட்டுதான் பொறந்துச்சு. இது சீமைக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. நம்ம பக்கம் வாங்க.

பாலக்லாவா நடந்து அஞ்சு வருஷம் கழிச்சு, 1859 ஜூலை 26. திருவிதாங்கூர் அரசு ஒரு பிரகடனம் போடுது. இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டமா இருக்கற பகுதியில நாடார் பெண்கள் மார்பை மறைச்சு மேலாடை போடக்கூடாதுன்னு ஆதிக்க சாதிக்காரங்க பல வருஷமா அடிதடி பண்ணிட்டு இருந்தாங்க. அதுக்கு முன்னாடியே, கிறிஸ்தவரா மாறின பெண்களுக்குக் குப்பாயம்னு ஒரு சட்டை போட அனுமதி குடுத்திருந்தாங்க. ஆனா பெண்கள் கேட்டது அது மட்டும் இல்ல. தோள் மேல போடற மேல்துணியக் கேட்டாங்க. 1829 பிரகடனம் குப்பாயம் சரி, மேல்துணி கூடாதுன்னுச்சு. 1859ல தான், எல்லா நாடார் பெண்களும் சட்டை போடலாம், எப்படி வேணும்னாலும் மறைச்சுக்கலாம்னு வந்துச்சு. அதுலயும் ஒரு கொக்கி. உயர்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் போடக்கூடாது!

கவனிச்சீங்களா? பிரச்சினை மறைக்கறதுல கூட இல்ல, எந்த ஸ்டைல்ல மறைக்கறதுங்கறதுலதான். இன்னிக்கு ஃபேஷன் பக்கங்கள்ல ஸ்டைலிங் ஸ்டைலிங்னு சொல்றாங்களே, அதை அன்னிக்கு ஒரு அரசாங்கம் சட்டம் போட்டுச் சொல்லியிருக்கு.

எங்க சமவெளிக்கு வருவோம். முதல்ல எங்களுக்கும் கம்பளிக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. எங்க ஊர் ஆடு மேச்சேரி ஆடு. தோலுக்குப் பேர் போனது. உடம்பெல்லாம் குட்டை முடிதான், கத்தரிச்சு நூல் நூக்க கம்பளியே கிடையாது. எங்களுக்குத் தெரிஞ்சது பருத்தியும் பட்டும், தறியும் பாவும். மேல ஏற்காட்டுல கதை வேற. சுமார் 1,500 மீட்டர் உயரம். கலெக்டர் காக்பர்ன் 1820கள்ல காப்பிச் செடி கொண்டு வந்தார். பின்னாடி துரைங்க பங்களா, கான்வென்ட், போர்டிங் ஸ்கூல்னு வந்துச்சு. கீழ இருக்கற எங்களுக்கு ஸ்வெட்டர்னா ஏற்காட்டு ஸ்கூல் பிள்ளைங்க போடறது. இல்லாட்டி மார்கழிக் காலையில கைக்குழந்தைக்கு மாட்டி விடறது. இல்லாட்டி, நாமக்கல் லாரியில வடக்க லோடு ஏத்திட்டுப் போன எங்க சித்தப்பா பஞ்சாப்லேர்ந்து வாங்கிட்டு வந்து பீரோவுல பூட்டி வச்சது.

அப்ப எங்காளுங்க மேல எதுவுமே போடலியா? போட்டாங்க. துண்டு! வியர்வை துடைக்க, தலையில கட்ட, விரிச்சுப் படுக்க, சந்தையில விரலால விலை பேசும்போது கைய மறைக்க, எல்லாத்துக்கும் ஒரே துணி. ஆனா தோள்ல இருந்தா கெத்து. பண்ணாடி எதிர்ல வந்தா, கீழ்சாதின்னு ஒதுக்கப்பட்டவரோட தோள்ல இருந்த துண்டு இறங்கிக் கக்கத்துக்கோ இடுப்புக்கோ போயிடணும். சுயமரியாதை இயக்கம் தோள்ல துண்டு போடறத ஏன் அவ்ளோ பெரிய விஷயமா எடுத்துச்சுன்னு இதுலேர்ந்து புரியும். 1944 ஆகஸ்ட் 27ல நீதிக்கட்சி திராவிடர் கழகமா பேர் மாறினது எங்க சேலத்துலதான்ங்கறதையும் பெருமைக்கு ஒரு வரி சொல்லிக்கறேன்.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2005ல அண்ணா பல்கலைக்கழகம் தன்னோட கல்லூரிகள்ல ஜீன்ஸ், டீ-ஷர்ட், ஸ்லீவ்லெஸ் எல்லாம் கூடாதுன்னுச்சு. அப்போ நான் ரெண்டாங்கிளாஸ். நான் காலேஜ் போன காலத்துல எங்க காலேஜ் (பேர் வேணாம், விடுங்க) ஒரு படி மேல போச்சு. பொண்ணுங்க சுடிதாருக்கு மேல லேப் கோட் கணக்கா ஒரு ஓவர்கோட் போட்டே ஆகணும். மே மாச வெயில், மேல ஒரு ஃபேன் கிர்ரு கிர்ருன்னு சுத்தும். கழட்டினா ஃபைன். பசங்களுக்கு அப்படி எதுவும் இல்ல.

வேலைக்கு வந்தா நேர் எதிர். குளுகுளு ஏசி, நடுங்கிட்டே கோடு அடிக்கணும். இதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. ஆபீஸ் குளிர் எவ்வளவு இருக்கணும்னு சொல்ற கணக்குக்கு 1960கள்ல அடிப்படை போட்டாங்க. அதுல எடுத்துக்கிட்ட உடம்பு 40 வயசு, 70 கிலோ ஆம்பளையோடது. பெண்களோட உடம்பு வெளியிடற சூட்டை இந்தக் கணக்கு கூடுதலா காட்டுதுன்னு 2015ல கிங்மா, லிக்டன்பெல்ட்னு ரெண்டு பேர் 'நேச்சர் க்ளைமேட் சேஞ்ச்' இதழ்ல எழுதினாங்க. என் பக்கத்து சீட்டு அண்ணா அரைக்கை சட்டையில ஜாலியா இருக்கறதும், நான் கார்டிகனுக்குள்ள சுருண்டு கிடக்கறதும் தற்செயல் இல்ல.

கடைசியா, சொல்ல வந்த டிப்ஸ். நம்ம ஊருக்குக் கம்பளி வேணாம், பருத்திப் பின்னல் பாருங்க. திருப்பூர் பக்கத்துலயே இருக்கு. நீள குர்தாவுக்கு இடுப்பளவு கார்டிகன் எடுப்பா இருக்கும். ஜீன்ஸுக்கு தொடை வரைக்கும் நீளமானது. சேலைக்குன்னா ப்ளவுஸ் நிறத்துல எடுங்க, பட்டன் போடாதீங்க, பார்டர் தெரியட்டும். துப்பட்டாவோட சேர்த்துப் போடறதும் துப்பட்டாவ வீட்டுலயே விட்டுட்டு வர்றதும் உங்க இஷ்டம்.

எனக்கு இந்த உடுப்புல பிடிச்சதே அந்த இஷ்டம்தான். ஓவர்கோட்ல இல்லாதது அது. ஆபீஸ்ல குளிர்ற வரைக்கும் போட்டுக்கறேன். சேலம் புது பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் அனல் அடிக்கும், கழட்டி பையில போட்டுக்கறேன். யாரும் ஃபைன் கேக்கறதில்ல.