கர்நாடக நிதிப் பொறுப்புச் சட்டம், 2002

கர்நாடக அரசின் கடனுக்கும் பற்றாக்குறைக்கும் வரம்பு விதிக்கும் மாநிலச் சட்டம். இவ்வகையில் இந்திய மாநிலங்கள் இயற்றியவற்றுள் இதுவே முதலாவது. எஸ். எம். கிருஷ்ணா முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்டு, 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் இதே போன்ற சட்டம் 2003-இல் நிறைவேறி, 2004 ஜூலையில்தான் அமலானது.

இலக்குகள்: 2006 மார்ச் 31-க்குள் வருவாய்ப் பற்றாக்குறையை அறவே நீக்குதல், நிதிப் பற்றாக்குறையை மாநில உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் அடக்குதல், 2015 மார்ச்சுக்குள் மொத்தக் கடன் பொறுப்பை 25 விழுக்காட்டுக்குள் கொணர்தல். சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய அன்றாடச் செலவுகளுக்குக் கடன் வாங்காதிருப்பதே வருவாய்ப் பற்றாக்குறை விதியின் சாரம். அணை, சாலை போன்ற மூலதனச் செலவுக்குக் கடன் பெறலாம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துடன் நடுத்தர கால நிதித் திட்டமும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். நடைமுறையில் பெரிதும் பயன்பட்டது இந்த ஆவணமே எனலாம். பிறர் வாங்கும் கடனுக்கு அரசு தரும் உத்தரவாதங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உச்சவரம்பு விதிக்கிறது.

2004-05 முதல் மாநிலம் வருவாய் உபரி கண்டது. பெருந்தொற்றின்போது, 2020-இல், நிதிப் பற்றாக்குறை வரம்பு 5 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. ‘உத்தரவாதங்கள்’ எனப்பட்ட ஐந்து நலத்திட்டங்களைத் தொடங்கிய 2023-24-இல் முதலமைச்சர் சித்தராமையா வருவாய்ப் பற்றாக்குறையுடனேயே நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தார்.

எண்ணெய் ஏற்றுமதி நாடான நைஜீரியாவின் 2007-ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டம் இதே இனத்தது. ஆயினும் அங்கே கணக்கின் அச்சாணி கச்சா எண்ணெயின் அடிப்படை விலை. கர்நாடகத்திலோ சரக்கு-சேவை வரியும் மதுத் தீர்வையும் முத்திரைக் கட்டணமும்.