உப்பை வெளியேற்றும் இதயம்

இரத்தத்தை இறைத்து அனுப்பும் பம்பு என்றே இதயத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். அது தவறல்ல. ஆனால் கணையம், தைராய்டு போல இதயமும் ஹார்மோன் சுரக்கும் உறுப்பே என்பது 1981-இல்தான் தெளிவாயிற்று.

அதற்கான தடயங்கள் 25 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டன என்பதுதான் வேடிக்கை. 1956-இல் புரூனோ கிஷ் என்பவர் கினிப்பன்றியின் இதயத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தபோது, மேலறைத் தசைச் செல்களில் சிறுசிறு கருமணிகள் தென்பட்டன. அதே ஆண்டில் வேறு சில ஆய்வாளர்கள் நாயின் இடது மேலறைக்குள் சிறு பலூனை வைத்து ஊதி, அறையை விரியச் செய்தனர். நாய்க்குச் சிறுநீர் அதிகமாகப் பிரிந்தது! அது நரம்புகளின் வேலை என்று விளக்கம் கூறப்பட்டது. கருமணிகளை யாரும் அதனுடன் சேர்த்துப் பார்க்கவில்லை.

அர்ஜெண்டினாவில் பிறந்து, கனடாவின் கிங்ஸ்டன் நகரில் பணியாற்றிய அடால்ஃபோ டி போல்ட் அந்த மணிகளை விடவில்லை. உடலில் உப்பு, நீரின் நிலை மாறினால் மணிகளின் எண்ணிக்கையும் மாறுவதை அவர் கண்டார். பிறகு எலிகளின் மேலறைத் தசையை அரைத்துச் சாறெடுத்து, மயக்க நிலையிலிருந்த வேறு எலிகளின் இரத்தத்தில் செலுத்தினார். சில நிமிடங்களில், சிறுநீரில் வெளியேறிய சோடியம் 30 மடங்குக்கு மேல் கூடிற்று. சிறுநீரின் அளவு 10 மடங்காயிற்று. கீழறைத் தசைச் சாற்றுக்கோ அந்தச் சக்தி இல்லை. எத்தனை எளிய சோதனை, பாருங்கள்!

மனிதரிடம் அந்த ஹார்மோன் 28 அமினோ அமிலங்களாலான ஒரு சிறு சங்கிலி. இரத்தம் மிகுந்து மேலறைச் சுவர் விரியும்போது அது வெளிப்படுகிறது. சிறுநீரகத்தை அடைந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் செய்கிறது. 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் உறவான மற்றொன்றைப் பன்றியின் மூளையில் கண்டனர். பி.என்.பி. என்ற அதன் பெயரில் மூளை நிலைத்துவிட்டது. ஆனால் அதை முக்கியமாகச் சுரப்பது, முன்பு ஒன்றுமில்லை என்று ஒதுக்கப்பட்ட இதயக் கீழறைதான்.

நீரிழிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வளர்ந்தோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு, இதயம், சிறுநீரகம் இரண்டையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது. தொடக்கத்தில் பலருக்குச் சிறுநீரகம் வழக்கத்தை மீறி வடிகட்டுகிறது. இரத்த நுண்குழாய் முடிச்சுகளில் அழுத்தம் கூடி, காலப்போக்கில் அவை தழும்பேறுகின்றன. புரதம் சிறுநீரில் கசிகிறது. இந்த மிகை வடிகட்டலில் இதய ஹார்மோனுக்கும் பங்கிருக்கலாம் என்று, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் 1987-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. உதவிக்கு வந்ததே சுமையையும் ஏற்றுகிறது!

இன்று இதயம் தளர்வதைக் கண்டறிய இரத்தத்தில் பி.என்.பி. அளவு பார்க்கப்படுகிறது. நீரிழிவுக்காரருக்கு அது உயர்ந்திருந்தால், பிற்காலத்தில் இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல். ஆனால் சிறுநீரகம் பழுதானாலும் அந்த எண் ஏறும். இதயத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. அதனால்தான் மருத்துவர் கிரியேட்டினினையும் சிறுநீர்ப் புரதத்தையும் உடன் பார்க்கிறார்.