கரும்பும் நாணலும்: பன்மடியப் பயிர்வளர்ப்பின் ஒரு வரலாறு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தக சோழன் காலத்தே 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையாற் புகழ் பெற்றவை. அவை ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் கூறுகின்றன. நீரும் பயிரும் ஊரார் பொறுப்பென்பது இதனாற் பெறப்படும். அங்ஙனம் காக்கப்படும் பயிர் எவ்வாறு உருப்பெற்றது என்பதும் ஆராய்தற்குரியது. அதற்குக் கரும்பு நல்ல சான்றாகும்.

அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் எனப் புறநானூறு கூறும். தடித்த இனிய கரும்பின் பிறப்பிடம் நியூகினி என்பர் தாவர நூலார். கரும்பு வந்தேறிய பயிர் என்பதில் இரண்டும் ஒத்துநிற்றல் கருதத்தக்கது. ஆயின், நாணல் இம்மண்ணிலேயே தானாக வளர்வது. பேய்க்கரும்பு எனவும் படும். இவ்விரண்டையும் இணைத்த பெருமை கோயம்புத்தூருக்கு உரியது.

1912-இல் அங்கு நிறுவப்பெற்ற கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் கரும்பை நாணலோடு கலந்தனர். அவ்வழித் தோன்றிய 'கோ 205' 1918-இல் வெளிவந்தது. வட இந்திய நிலங்களில் வேரூன்றியது.

உயிரணுவில் இரண்டினும் மிக்க குரோமோசோம் தொகுதிகள் அமைதலே பன்மடியம். கரும்பின் குரோமோசோம்கள் 80. கோவை நாணலின் குரோமோசோம்கள் 64. பெற்றோர் பாதி பாதியாக ஈயும் பொது முறைப்படி வழித்தோன்றல் 72 பெறுதல் வேண்டும். பெற்றதோ 112. தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுமையாக ஈய, நாணல் 32-ஐ ஈந்தது. ஆதலின் நாணலின் வன்மை புகுந்தும் கரும்பின் இனிமை அழிந்திலது.

1934 முதல் 1939 வரை அந்நிலையத்திற் பணியாற்றிய ஜானகி அம்மாள், நாணல் வகைகளின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்தில் கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருளைக் கொண்டு மக்னோலியாச் செடிகளிற் பன்மடியம் தோற்றுவித்தார். அப்பொருள் பன்மடியத்தைத் தூண்டுமென்பது 1937-இல் தெளிவாயிற்று. சங்கப் புலவர் போற்றிய செங்காந்தளிலும் அப்பொருள் உண்டு என்பது தமிழ் பயில்வார்க்கு வியப்பளிக்கும்.

வளைந்து கொடுத்தற்கே உவமையாகும் நாணல், கரும்பிற்கு உறுதி அளித்தது. இன்றைய வணிகக் கரும்புகளின் மரபிலும் அதன் கூறு கலந்துள்ளது. நாளை புதிய நோயும் வறட்சியும் வருங்கால், வன்மையைத் தேடி மீண்டும் காட்டு இனங்களையே நாடவேண்டும். ஏரிக்கரையிற் பயனிலவென ஒதுக்கப்படும் புல்லையும் காத்தல் வேண்டுமென்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. ஏரிக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியம் கண்ட ஊரார்க்கு இக்கடமை புதிதன்று.