எலி ஏன் மறுத்தது? — நட்புக் கதை ஒன்று குழந்தைக் கதையான வரலாறு

இந்தியாவின் ஏறத்தாழ எல்லா மொழிகளிலும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வேடன் விரித்த வலையில் புறாக்கள் சிக்குகின்றன. ஒருசேரச் சிறகடித்து வலையோடு பறக்கின்றன. எலி ஒன்று வலையைக் கடித்து அவற்றை விடுவிக்கிறது. பிறகு காகம், எலி, ஆமை, மான் ஆகிய நான்கும் நண்பர்களாகி, இரையைப் பகிர்ந்துண்டு வாழ்கின்றன. கதை முடிந்ததும் ஒரு கட்டத்துக்குள் நீதி: ஒற்றுமையாக இரு, பகிர்ந்து உண்.

இக்கதையைப் பழைமையான 'குழந்தை இலக்கியம்' என்று குறிப்பிடும் வழக்கம் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் காணப்படுகிறது. கதை பழையதுதான். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது, எதற்காகச் சொல்லப்பட்டது என்று மூலத்தைப் புரட்டினால் படம் மாறுகிறது.

பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரம் இது. மித்திரலாபம், மித்திரசம்பிராப்தி என இரு பெயர்களால் வழங்குகிறது. கேட்போர் அமரசக்தி என்னும் மன்னனின் மூன்று மகன்கள், படிப்பு ஏறாதவர்கள். ஆறு மாதத்தில் அவர்களை அரசியல் அறிந்தவர்களாக ஆக்குவேன் என்று விஷ்ணுசர்மன் ஏற்கிறார். நூலின் தொடக்க வணக்கமே மனு, சுக்கிரன், சாணக்கியன் முதலான நீதிநூல் ஆசிரியர்களுக்குச் செலுத்தப்படுகிறது. ஆகவே இது நாளை அரியணை ஏறப்போகிறவர்களுக்கான பாடம். இதில் 'மித்திரம்' என்ற சொல்லுக்கு இன்றைய பொருளில் 'நண்பன்' என்று மட்டும் உரை எழுதினால் பாதிதான் கிடைக்கும்.

சொல்லைச் சற்றுப் பார்ப்போம். வேதத்தில் மித்திரன் ஒரு தெய்வம், உடன்படிக்கையின் காவலன். அவெஸ்தா மொழியில் இதன் இனச்சொல் தெய்வப் பெயராக இருப்பதோடு 'ஒப்பந்தம்' என்னும் பொதுப்பெயராகவும் வழங்குகிறது. செவ்வியல் வடமொழியில் தெய்வத்தைக் குறிக்கும்போது ஆண்பாலாகவும், நண்பனைக் குறிக்கும்போது அலிப்பாலாகவும் இச்சொல் நிற்பது மொழியியல் மாணவர்கள் அறிந்ததே. ஆண் நண்பனும் இலக்கணப்படி 'மித்திரம்' தான். உறவின் பெயரே உறவினன் பெயராகவும் ஆனதன் தடயம் இது என்று கொள்ளலாம். அர்த்தசாஸ்திரத்தில் அரசின் ஏழு உறுப்புகளில் இறுதியானது மித்திரம். அங்கே அதன் பொருள் நேச நாட்டரசன்.

அதே அர்த்தசாஸ்திரம், கூட்டுப் படையெடுப்பில் கிடைக்கக்கூடிய பயன்களை மித்திரம், ஹிரண்யம், பூமி என வரிசைப்படுத்தி, முன்னதைவிடப் பின்னது மேல் என்கிறது. அதாவது நட்பரசனைப் பெறுவதைவிடப் பொன் மேல். பொன்னைவிட நிலம் மேல். இதை நினைவில் வைத்துக்கொண்டு பஞ்சதந்திரத்து எலியின் பெயரைப் பாருங்கள்: ஹிரண்யகன். பொன்னன் என்று தமிழாக்கலாம். பொன்னன் பொன்னை இழந்து மித்திரங்களைப் பெறும் கதைக்கு மித்திரலாபம் என்று தலைப்பு. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசியல் நூலின் வரிசையைத் தலைகீழாக்கி, கதைகாரர் அதற்கு மறுமொழி சொல்கிறார் என்றே படிக்கிறேன். இது என் வாசிப்பு மட்டுமே. மாற்று வாசிப்புகளுக்கு இடமுண்டு.

படக்கதைகளில் பெரும்பாலும் காணாமற்போகும் பகுதிக்கு வருவோம். எலி புறாக்களை விடுவித்ததை மரத்திலிருந்து பார்த்த லகுபதனகன் என்னும் காகம், வளைவாயிலில் வந்து நின்று நட்பு வேண்டுகிறது. குழந்தைப் பதிப்புகள் பலவற்றில் எலி உடனே இசைந்துவிடுகிறது. மூலத்தில் அது மறுக்கிறது. நீ உண்பவன், நான் உணவு. நமக்குள் என்ன நட்பு என்று கேட்கிறது. வளையை விட்டு வெளியே வரவும் இல்லை. காகம் விடவில்லை, நமக்குள் இதுவரை சந்திப்பே நிகழ்ந்ததில்லையே, பகை எப்படி வந்தது என்று வாதிடுகிறது. அப்போது எலி பகையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று செயற்கைப் பகை. ஏதோ ஒரு காரணத்தால் வந்தது, அக்காரணம் நீங்கினால் நீங்குவது. மற்றொன்று இயற்கைப் பகை. கீரிக்கும் பாம்புக்கும் உள்ளதுபோலப் பிறவியோடு வந்தது, உயிரோடுதான் போவது. செல்வத்திலும் குலத்திலும் ஒத்தவர்களுக்கு இடையேதான் நட்பும் மணமும் தகும் என்னும் கருத்துடைய சுலோகமும் இக்கதைமரபில் உண்டு. காகமோ நட்பு நற்குணத்தால் உருவாவது என்கிறது. நீ இசையும்வரை இங்கேயே பட்டினி கிடப்பேன் என்றும் சொல்கிறது. நெடிய வாதத்துக்குப் பிறகே எலி இணங்குகிறது. இணங்கிய பின்னும் உடனே வெளியே வந்து தழுவிக்கொள்வதில்லை. நம்பிக்கை படிப்படியாகத்தான் வளர்கிறது.

பிறப்பு வழிப்பட்ட பகையையும் தகுதியையும் பற்றிய இந்த விவாதம் இந்தியச் சூழலில் எலிக்கும் காகத்துக்கும் மட்டும் உரியதல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை. கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெளிவு: பிறவியால் உணவும் உண்போனுமாக நின்ற இருவர் நண்பர்களாகிறார்கள். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் பலவீனமான தரப்புக்கு ஐயுறவும் மறுக்கவும் நிபந்தனை விதிக்கவும் உரிமை தரப்படுகிறது. நட்பை முன்மொழிவது வலியவன். நம்பகத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவனுடையதே. இந்த உரிமையைக் கதையிலிருந்து நீக்கிவிட்டு, யார் வந்து அழைத்தாலும் நண்பனாகிவிடு என்று ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது மூலத்தைச் சுருக்குவது ஆகாது. அதற்கு எதிர்த்திசையில் போவது.

அடுத்து நீக்கப்படுவது எலியின் முன்கதை. மகிளாரோப்பியம் என்னும் நகரையொட்டிய மடத்தில் துறவி ஒருவர் வாழ்கிறார். இரந்து பெற்ற உணவில் மிச்சத்தைக் கலத்திலிட்டுச் சுவர் முளையில் மாட்டிவைக்கிறார். ஹிரண்யகன் தாவி ஏறி அதைத் தின்கிறது. தன்னைச் சார்ந்த எலிகளுக்கும் கொடுக்கிறது. விருந்தாளியாக வந்த மற்றொரு துறவி, ஓர் எலிக்கு இவ்வளவு உயரம் தாவும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து, வளைக்கடியில் புதையல் இருக்கும், அதன் சூடுதான் இந்தத் துள்ளல் என்கிறார். தோண்டுகிறார்கள், புதையல் போகிறது. மறுநாள் எலியால் கலத்தை எட்ட முடியவில்லை. பரிவாரம் ஒவ்வொன்றாக விலகிப் பகைவனிடம் போய்ச் சேருகிறது. பகிர்ந்து கொடுத்தவனைச் சுற்றி இருந்தவை நட்புகள் அல்ல என்று எலி கண்டுகொள்ளும் இடம் இது. காகத்தை அது ஏன் அவ்வளவு ஐயுற்றது என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. பகிர்தல் நட்பை உண்டாக்கும் என்பதே பாடநூல் நீதி. பகிர்ந்தும் தனித்து விடப்பட்ட ஒருவனின் அனுபவத்திலிருந்து தொடங்குகிறது மூலக்கதை.

வலையோடு பறந்த பறவைகளின் கருவும் வேட்டைக்காரனிடமிருந்து நண்பனை மீட்கும் விலங்குகளின் கருவும் பஞ்சதந்திரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பாலி ஜாதகத் தொகுப்பில் வலையைத் தூக்கிப் பறக்கும் காடைகள் பிறகு தமக்குள் சண்டையிட்டு அழிகின்றன. குருங்கமிருக ஜாதகத்தில் மானை ஆமையும் மரங்கொத்தியும் காப்பாற்றுகின்றன. இக்காட்சி பார்ஹுத் தூபியின் வேலிச் சிற்பங்களில் செதுக்கப்பட்டுள்ளது. தூபியை வலம்வந்தோர் எல்லா வயதினரும்தான். குழந்தைகளும் இருந்திருப்பார்கள், ஆனால் குழந்தைகளுக்கென்று தனியே செதுக்கப்பட்டதல்ல அது.

அப்படியானால் குழந்தை எப்போது உள்ளே வருகிறது? 'பாலர்' என்னும் சொல் நம்மைத் தடுமாறச் செய்யும். பஞ்சதந்திரத்தைத் தழுவி நாராயணர் இயற்றிய ஹிதோபதேசம், கதை என்னும் சாக்கில் பாலர்க்கு நீதி சொல்லப்படுவதாக முகப்பிலேயே அறிவிக்கிறது. பச்சைக் கலத்தில் பதிந்த கோலம் அழியாதது போல என்று உவமையும் தருகிறது. ஆனால் சாத்திர வழக்கில் பாலன் என்பவன் அந்தத் துறைக்குப் புதியவன். தர்க்க நூல் உரைகாரர்கள், பாலன் என்றால் பாடத்தைப் பற்றவும் நினைவில் நிறுத்தவும் வல்லவன், பால்குடிக் குழந்தை அல்ல என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். தமிழில் 'பாலபாடம்' என்ற சொல்லாட்சியிலும் இந்த நிழல் இருக்கிறது. நாராயணர் செய்த ஒரு மாற்றம் கவனத்துக்குரியது: பஞ்சதந்திரத்தில் நட்பு பிரிதல் முதலாகவும் நட்புப் பெறுதல் இரண்டாவதாகவும் இருக்க, அவர் மித்திரலாபத்தை முதலில் வைத்தார். தொடக்கநிலை மாணவன் முதலில் சந்திப்பது சூழ்ச்சியை அல்ல, நட்பை.

மேற்கே போன பயணம் பலரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறாம் நூற்றாண்டில் குஸ்ரோ அனுஷிர்வான் காலத்தில் புர்சோய் பஹ்லவியில் பெயர்த்தார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். அங்கே நம் கதைக்குக் கழுத்தில் வளையமுள்ள புறாவின் இயல் என்று பெயர். எலியின் மறுப்பும் துறவி மடத்துப் புதையலும் அதிலும் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டுப் பஸ்ராவின் அறிஞர் குழு தன்னைத் 'தூய்மையின் சகோதரர்கள்' என்று அழைத்துக்கொண்டது இவ்வியலிலிருந்து எடுத்த பெயராகலாம் என்று கோல்ட்ஸீஹர் கருதினார். இன்னொரு செய்தி நமக்கு முக்கியம். அரபு முன்னுரை, விலங்குகளைப் பேசவைத்ததன் நோக்கங்களில் ஒன்றாக விளையாட்டுப் போக்குள்ள இளையோரை நூலின்பால் ஈர்ப்பதைக் குறிப்பிடுகிறது. அது முதல் வாசல் மட்டுமே. அரசர்க்கும் மெய்யியலார்க்கும் உரிய நோக்கங்களும் அங்கே சொல்லப்படுகின்றன.

வகுப்பறைப் பாடநூலாக இக்கதை அச்சேறியபோதும் மாணவர்கள் குழந்தைகள் அல்லர், கம்பெனி அதிகாரிகள். சார்லஸ் வில்கின்ஸின் ஆங்கில ஹிதோபதேசம் 1787இல் வந்தது. வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக 1804இல் செராம்பூரில் கேரி வடமொழி மூலத்தை அச்சிட்டார். லல்லுலால் 1809இல் பிரஜ் மொழியில் ஆக்கியபோது நூலுக்கு இட்ட பெயர் 'ராஜநீதி'. பெயரே போதும். தெற்கே, சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. அதன் உரைநடைக்காக நாம் அதைப் போற்றுகிறோம். மொழி கற்க வந்த வெள்ளை அதிகாரிகள் அதன் முதல் வாசகர்களுள் அடங்குவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

வங்காளத்தில் வித்யாசாகர் சிறுவர் பள்ளிகளுக்கென எழுதிய 'வர்ணபரிசய்' 1855இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'கதாமாலா'வுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஈசாப்பை, விஷ்ணுசர்மனை அல்ல. ஈசாப் வடிவத்தில் கதை சிறியது, கிளைக்கதை இல்லை, இறுதியில் ஒற்றை நீதி உண்டு. மணியடிக்குமுன் முடித்துவிடலாம், கேள்வியும் கேட்கலாம். கதைக்குள் கதையாக, ஒன்றையொன்று மறுக்கும் சுலோகங்களோடு நீளும் பஞ்சதந்திரம் இந்த அச்சுக்குள் அடங்காது. பின்னாளில் அது சிறுவர்க்கென்று தரப்பட்டபோது ஈசாப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தது. நீதிக்கட்டம் வந்த வழி இதுவே என்பது என் முடிவு. அந்தச் சட்டை அளவுக்குப் பொருந்தாத எலியின் வாதம் வெட்டப்பட்டது. விடுதலைக்குப் பிறகு பெருகிய சிறுவர் இதழ்களும் படக்கதைகளும் பெரும்பாலும் இந்த வெட்டிய வடிவத்தையே பரப்பின. அவற்றைக் குறை சொல்வது எளிது. அவை இல்லாவிடில் நம்மில் பலர் லகுபதனகனை அறிந்தே இருக்கமாட்டோம்.

பகிர்தலைப் பற்றி நேராகப் பேசும் கதையும் இதே தந்திரத்தில் இருக்கிறது. சிறுவர் தொகுப்புகளில் அரிதாகவே காண்கிறேன். சோமிலகன் என்னும் நெசவாளி அயலூர் சென்று உழைத்துப் பொன் சேர்க்கிறான். ஊர் திரும்பும் வழியில் அது மறைந்துவிடுகிறது. கர்த்தா, கர்மம் என்னும் இருவர் அவன் கனவில் விவாதிக்கிறார்கள். (இலக்கண மாணவர்கள் இங்கே புன்னகைக்கலாம்.) பொன் வேண்டுமென்றால் இருவரைப் பார்த்து வந்து, அவர்களில் யாரைப்போல் ஆக வேண்டும் என்று சொல் என்று அவனுக்கு ஆணை. ஒருவன் குப்ததனன், சேர்த்து ஒளிப்பவன். மற்றவன் உபபுக்ததனன், உண்டும் ஈந்தும் செலவிடுபவன். குப்ததனன் வீட்டில் மனைவி மக்களின் ஏச்சுக்கிடையே வேண்டாவெறுப்பாக ஒரு பிடி சோறு கிடைக்கிறது. சோற்றைக் குறிக்கும் 'பாத்' என்னும் வடபுலச் சொல் 'பக்த' என்பதிலிருந்து வந்தது. பங்கிடுதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. பங்கு என்றே பெயர்கொண்ட சோற்றைப் பங்கிட மனமில்லாத வீடு. மற்ற வீட்டில் எழுந்து வரவேற்கிறார்கள், நல்லுணவும் படுக்கையும் தருகிறார்கள்.

மறுநாள் குப்ததனன் நோயுற்றுப் பட்டினி கிடக்கிறான். விருந்தாளிக்குப் போட்ட ஒருவேளைச் சோறு அப்படிக் கணக்கில் நேராகிவிடுகிறது. உபபுக்ததனன் வாசலில் அரசனின் ஆள் பரிசோடு வந்து நிற்கிறான். அடுத்த விருந்துக்கு வீட்டில் என்ன இருந்தது என்று கதை சொல்லவில்லை. சோமிலகன் எதுவும் சேர்த்து வைக்காத இரண்டாமவனைத் தேர்ந்துகொள்கிறான். இக்கதையை மந்தரகன் என்னும் ஆமை, எல்லாம் இழந்து வந்து உட்கார்ந்திருக்கும் எலிக்குக் குளக்கரையில் சொல்கிறது.